இருப்பதைக் கொண்டு ஆக்கும் அடுக்களை
(அட்சய திருதியை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இந்நாளின் வரலாறு இங்குள்ள சிறுவர்க்கும் தெரிந்ததே. ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநோன்பு இருந்தார். நோன்பு முடித்து ஆகாரத்தின் பொருட்டு ஊர்கள்தோறும் எழுந்தருளியபோது, துறவிக்கு உணவளிக்கும் முறையை அறிந்தவர் ஒருவரும் அந்நாளில் இலர். மக்களிடம் அன்புக்குக் குறைவில்லை. யானையைக் கொணர்ந்து நிறுத்தினர். குதிரையையும் தேரையும் முன்னே விட்டனர். பொன்னும் மணியும் பட்டும் தட்டுத்தட்டாக ஏந்தி வந்தனர். பகவான் ஒன்றையும் ஏலாது அப்பால் நடந்தார். ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் இவ்வாறே கழிந்தது. அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறப்பு நினைவு வரப்பெற்று, தானம் அளிக்கும் நெறியை உணர்ந்து, கருப்பஞ்சாற்றை வார்த்தான். பகவானின் நெடிய நோன்பு அன்று நிறைவெய்தியது.

யானையும் பொன்னும் பயன்படாத இடத்தில் ஒரு கலம் கருப்பஞ்சாறு பயன்பட்டது. இதனோடு சேர்த்து எண்ணத்தக்க விதி ஒன்று உண்டு. துறவிக்கென்றே தனியாகச் சமைத்த உணவைத் துறவி ஏற்பதில்லை. இல்லத்தார் தமக்கென ஆக்கியதில் ஒரு பங்கையே அவர் பெறுவார். ஆதலின் தானத்தின் தூய்மை, விருந்தாளி வரும் நாளில் தொடங்குவதன்று. ஆள் வாராத ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் அடுக்களையில் என்ன நடக்கின்றது என்பதிலேயே தொடங்கிவிடுகின்றது. அந்த அடுக்களையைப் பற்றியே இன்றைய உரை.

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மிச்சத்தை மறுநாள் பயன்படுத்துவது பலர் நினைவுக்கு வரும். தமிழகத்து உழவர் வீடுகளில் இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைப்பர். மறுநாள் காலை அது பழையதாகும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; உழைப்பாளியின் வயிற்றைக் குளிர்வித்த உணவு அது. ஆனால் சமண நெறியில் இரவு கடந்த சோறு உண்ணத்தக்கதன்று. கதிரவன் மறைந்தபின் உண்ணுதலும் இல்லை. எல்லா இல்லங்களிலும் இவ்விதி முழுமையாக நிற்கின்றது என்று கூறுவதற்கில்லை. நிற்கும் இல்லங்கள் இன்றும் உள்ளன. அங்கே ஆக்கியது மாலைக்குள் உண்ணப்பட வேண்டும், அல்லது உரியவர்க்குக் கொடுக்கப்பட வேண்டும். மறுநாள் என்னும் வாயில் அடைபட்டுவிட்டது. அயல் வீட்டின் சிக்கனம் சமைத்தபின் தொடங்கினால், சமண இல்லத்தின் சிக்கனம் உலையில் அரிசி இடும் முன்னரே தொடங்கியாக வேண்டும்.

அதற்குக் கருவியாக இருந்தது ஆழாக்கு. பழைய வீடுகளில் அரிசிப் பானைக்குள்ளேயே அது கிடக்கும். 8 ஆழாக்கு ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். நெல் கலக்கணக்கில் களத்திலிருந்து வீட்டுக்குள் வரும். அரிசி ஆழாக்குக் கணக்கில் உலைக்குப் போகும். வீட்டில் மூத்த பெண்மணி ஆழாக்கைக் கையில் எடுக்குமுன் சிலவற்றைக் கேட்டறிவார். இன்று யாருக்கு ஒருபொழுது, யார் வயலுக்குப் போகின்றார், யார் வெளியூர் சென்றுள்ளார், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்? விடை தெரிந்தபின் தலைதட்டி அளப்பார். அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் இட்டு, அது சேர்ந்ததும் தானத்திற்கு வழங்கும் வழக்கமும் தமிழகத்தில் பரவலாக இருந்தது. ஒருவர் உணவு அதனால் குறைந்ததில்லை. ஒரு திங்களில் அக்கலம் நிறைந்திருக்கும். பிரஷர் குக்கர் வந்தபின் 'இரண்டு டம்ளர் வைத்துவிடு' என்பதே அளவாயிற்று. டம்ளர் ஆழாக்கைவிடத் தாழ்ந்த கருவியன்று; ஆனால் அதற்கு முன்பு கேட்கப்பட்ட கேள்விகள் மறைந்துவிட்டன. மகன் அலுவலகத்தில் உண்டு வருவான் என்பது இரவு எட்டு மணிக்குத்தான் தெரிய வருகின்றது.

அரிசிப் பானையைப் பற்றிப் பேசும்போது அதற்குள் வாழும் உயிர்களையும் பேச வேண்டும். மலிவாகக் கிடைக்கின்றது என்று மூட்டையாக வாங்கிவைப்பதைச் சிக்கனம் என்று கருதுவோர் பலர். நான்கு பேர் உள்ள வீட்டில் அந்த மூட்டை ஆறு திங்கள் கிடக்கும். மழைக்காலம் வரும், ஈரம் ஏறும், அரிசியில் வண்டும் பருப்பில் புழுவும் தோன்றும். பிறகு புடைப்பதிலும் களைவதிலும் எத்தனை உயிர் மடியும் என்பதை எண்ணிப் பார்த்தால், மலிவு விலையின் கணக்கு வேறாகத் தோன்றும். அகிம்சையும் அபரிக்கிரகமும் இரண்டு வெவ்வேறு விரதங்களாக எண்ணப்படுகின்றன. அரிசிப் பானையில் அவை இரண்டும் ஒன்றே. மிகையாகச் சேர்த்தவன் கொல்ல நேர்கின்றது. மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்று திகம்பர மரபு வகுத்த எல்லையும் இக்கருத்தினதே. கொஞ்சமாக அரைத்து, கொஞ்சமாக வைத்துக்கொள்வதற்கு அது வழி.

சேமித்தே ஆக வேண்டிய உழவர் என்ன செய்தனர்? துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்தனர். உடைத்த பருப்பில் விளக்கெண்ணெய் தடவினர். பானையில் உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் மிளகாய் வற்றலும் இட்டனர். இவை அனைத்தும் பூச்சி வந்தபின் கொல்லும் வழிகளாக அன்றி, வாராமல் காக்கும் வழிகளாக இருந்தன. நகரத்து வீட்டில் இவற்றுள் பாதியாவது இன்றும் இயலும். அதைவிட எளிது, ஒரு திங்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது.

இனி, உள்ளதைக் கொண்டு சமைப்பது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். பசித்த வேளையில் உதவுவது இதுவே.

வெங்காயமும் பூண்டும் கிழங்கு வகைகளும் இல்லாமல் சமைக்கும் கைக்கு ஒரு தனிப் பயிற்சி தானாகவே வாய்த்துள்ளது. பிறர் வெங்காயத்திலிருந்து பெறுவது என்ன? சற்று இனிப்பு, மணம், குழம்புக்கு ஒரு திட்பம். அந்த மூன்றையும் சமண அடுக்களை வேறு இடங்களில் தேடிக் கண்டுபிடித்தது. மணத்திற்குப் பெருங்காயம், சீரகம், கறிவேப்பிலை; திட்பத்திற்குத் தேங்காய், வறுத்தரைத்த துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, சிறிது அரிசி மாவு; இனிப்புக்குப் பரங்கிக்காய்த் துண்டோ ஒரு சுண்டு வெல்லமோ. பொருளின் பெயரைத் தேடாமல் அது செய்யும் வேலையைத் தேடுவதே இதன் சூக்குமம். இப்பார்வை வந்துவிட்டால், வீட்டில் ஒன்று தீர்ந்துபோன நாளில் பதற்றம் இராது. புளி இல்லையா? மாவற்றல் இருக்கும், நெல்லிமுள்ளி இருக்கும், எலுமிச்சை இருக்கும், இவை ஒன்றும் இல்லாவிடில் மோர் இருக்கும். மிளகாய் தீர்ந்ததா? மிளகும் சுக்கும் உள்ளன. புளிப்பு, காரம், திட்பம், மணம், கொழுப்பு என ஐந்து வேலைகள். எந்த அஞ்சறைப் பெட்டியும் இவற்றுள் ஒன்றையேனும் இரண்டு வழிகளில் செய்து காட்டும்.

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பச்சைக் காய்கறிகளை விலக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. திங்கள்தோறும் நான்கு நாள்கள். இளைய மருமகள்கள் இந்நாள்களைச் சமையலுக்குச் சோதனையாக எண்ணுவதுண்டு. உண்மையில் அவை இருப்பதைக் கொண்டு ஆக்கும் கலையின் பள்ளிக்கூடம். காயில்லாத நாளில் பருப்பு உருண்டைக் குழம்பு வைப்பர். துவரம்பருப்பை ஒரு மணிநேரம் ஊறவைத்து நீரை முற்றிலும் வடித்து, மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்புச் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து உருட்டி, ஆவியில் வேகவைத்து, கொதிக்கும் புளிக்குழம்பில் இறுதியாக இடுவர். உருண்டையை நேரே குழம்பில் இடுவோரும் உண்டு. நீர் சற்று மிகுந்தாலும் அது கரைந்து குழம்பே கூழாகிவிடும், ஆதலால் ஆவியே நம்பத்தக்கது. ஊறிய பருப்பு மிகுந்துவிட்டதா? உடன் ஊறிய அரிசியைக் கூட்டி அரைத்தால் அன்றே அடை வார்க்கலாம். அடைக்கு மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டுவதில்லை. புளித்த மாவை விலக்குவோர்க்கும் அது உகந்தது; மாலைக்குள் கல்லில் ஏறி இலைக்கு வந்துவிடும்.

கொள்ளை வேகவைத்தால் இரண்டு பண்டங்கள் கிடைக்கும். வெந்த நீரை இறுத்துப் புளியும் மிளகும் சீரகமும் கூட்டினால் ரசம். பருப்பைத் தாளித்தால் சுண்டல், அல்லது தேங்காயோடு அரைத்தால் துவையல். காராமணியும் மொச்சையும் வற்றல் குழம்புக்குத் துணையாகும். அரிசி புடைக்கும்போது விழும் நொய்யைத் தனியே சேர்த்து வைத்தால் ஒருநாள் சிற்றுண்டிக்கு ஆகும். சிறிது துவரம்பருப்பும் மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாக உடைத்துக் கலந்து செய்யும் உப்புமா, வெங்காயம் இல்லாமலே சுவைப்பது. அடிப்பிடித்த பாகமே பிள்ளைகளால் முதலில் கேட்கப்படும். காய்ந்துபோகத் தொடங்கிய கறிவேப்பிலையைக் குப்பையில் இடுவதற்கு முன், நிழலில் உலர்த்தி உளுந்தோடும் மிளகோடும் வறுத்துப் பொடித்தால் பல நாள் சோற்றுக்குத் துணை கிடைத்துவிடும்.

காய் உண்ணும் நாள்களிலோ, ஒரு காயை முழுமையாக உண்ணுதலே சிக்கனம். பீர்க்கங்காயின் தோலை உளுந்தும் மிளகாயும் வறுத்துச் சேர்த்து அரைத்தால் துவையல். காயைவிடத் தோலுக்கே சுவை மிகுதி என்போர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இருக்கின்றது. வாழைக்காயின் தோலையும் நறுக்கி வேகவைத்துப் பொரியலாக்கலாம். பரங்கியின் விதையை உலர்த்தி உரித்தால் பிள்ளைகள் கொறிக்க ஆகும். கொத்தமல்லியின் இலையைத் துவையலுக்கு எடுத்தபின் தண்டைக் கட்டி ரசத்தில் இட்டு இறக்கலாம். வெண்ணெயைத் தேங்கவிடாமல் உடனே உருக்கி நெய்யாக்குவது சமண வழக்கம். அடியில் தங்கும் கசண்டில் முருங்கைக்கீரையை வதக்கியோ வெல்லமும் அரிசி மாவும் கலந்தோ உண்பர். அரிசி களைந்த முதல் நீர் மாட்டுக்கு. இரண்டாம் நீரில் புளி கரைப்பர், கீரை வேகவைப்பர். வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் சேர்ந்தால் வெயிலில் வந்தவர்க்குப் பானம்.

கொல்லையில் ஒரு வாழை இருந்தால் இலை, பூ, காய், பழம், தண்டு என்று ஐந்தும் அடுக்களைக்கு வரும். மட்டையின் நார் பூத்தொடுக்கும். கிழங்கை மட்டும் தோண்டுவதில்லை. தோண்டாமல் விட்ட இடத்திலிருந்து பக்கக்கன்று எழும். கிழங்கை உண்ணலாகாது என்ற விதிக்கு நுண்ணுயிர்களைக் காத்தலே காரணமாகச் சொல்லப்படுகின்றது. அதனோடு, மறுவிளைவையும் அது காத்துத் தருகின்றது என்பதை உழவர் கண்ணால் கண்டனர்.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குப் போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தை உரைக்கின்றார். ஒருமுறை துய்த்துக் கழிவது போகம், உணவு இவ்வகை. திரும்பத் திரும்பத் துய்ப்பது உபபோகம், உடை இவ்வகை. இரண்டிற்கும் ஒருவர் தாமே எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். எதை விலக்குவது என்பதற்கு அவர் தரும் அளவுகோல்களுள் ஒன்று, கிடைக்கும் பயன் சிறிது, விளையும் கேடு பெரிது என்பது. முள்ளங்கி, பச்சை இஞ்சி முதலியவற்றை அவ்வகையில் வைக்கின்றார். இவ்வளவுகோல் காய்கறிக்கு மட்டும் உரியதன்று. மூன்று நிமிடம் நாவில் நின்று மறையும் ஒரு பண்டத்தை வரவழைக்க, ஒரு வண்டி ஓடுகின்றது, நான்கு ஞெகிழிப் பெட்டிகள் வருகின்றன, வீட்டில் ஆக்கிய சோறு வீணாகின்றது. சிறுபயனும் பெருங்கேடும் இங்கும் தெளிவாகவே தெரிகின்றன.

பற்றாக்குறை வந்த காலத்தில் இப்பயிற்சி எவ்வாறு உதவியது என்பதை இங்குள்ள முதியோர் அறிவர். 1965-இல் நாடு உணவுத் தட்டுப்பாட்டில் இருந்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை உணவை விட்டுக்கொடுக்குமாறு மக்களை வேண்டினார். அடுத்த சில ஆண்டுகள் சென்னை மாநிலத்திலும் அரிசிக்கு அல்லல் இருந்தது; 1967 தேர்தலில் படி அரிசியின் விலையே பெரும் பேச்சாயிற்று. ஒருபொழுதும் உண்ணாநோன்பும் பழகிய இல்லங்களுக்கு ஒருவேளை விடுதல் புதிதன்று. வரகும் கேழ்வரகும் கம்பும் உலைக்கு வந்தன. இன்று அவை சிறுதானியம் என்ற பெயரில் அரிசியினும் மிகுந்த விலைக்கு அழகிய உறைகளில் விற்கப்படுகின்றன, வேடிக்கையாகத்தான் இருக்கின்றது.

வரகு என்றதும் சந்தனையின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. அவள் வைசாலி மன்னன் சேடகனின் இளைய மகள். விதிவசத்தால் கௌசாம்பி நகரத்தில் ஒரு வணிகன் வீட்டை அடைந்தாள். வணிகன் மனைவி ஐயமும் பொறாமையும் கொண்டு அவளைத் தளையிட்டு, மண்கலத்தில் வரகுச் சோறே உணவாகத் தந்தாள் என்று திகம்பர மரபு உரைக்கும். பகவான் மகாவீரர் அவ்வழியே எழுந்தருளியபோது, அவள் தனக்கென்று இருந்த அதனையே ஏந்தி எதிர்கொண்டாள். தளை நீங்கியது. பின்னாளில் அவளே மகாவீரர் சங்கத்துத் துறவியர் மகளிர்க்குத் தலைவியானாள்.

சோறு ஒன்றே. வணிகன் மனைவி கையிலிருந்து வந்தபோது அது கொடுமை. சந்தனை கையிலிருந்து சென்றபோது அது தானம். சிக்கனத்தைப் பற்றிப் பேசும் எவரும் இவ்வேறுபாட்டைக் கடந்து செல்ல இயலாது. அவமோதரியம் என்னும் தவம், பசிக்குச் சற்றுக் குறைவாக உண்ணுதல். அதைத் தானே விரும்பி ஏற்றவர்க்கே அது தவம். மற்றவர் இலையில் குறைத்து வைப்பது தவமாகாது. இதைத் தாய்மார்கள் நிறைந்த இவ்வவையில் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. பல குடும்பங்களில் சிக்கனம் என்று போற்றப்பட்டது, வீட்டுப் பெண் ஒருத்தியின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டதே. அனைவரும் உண்டபின், மாலை வெளிச்சம் மங்கும் வேளையில், பானையில் எஞ்சியதை அவள் உண்பாள். எஞ்சியது போதாவிடில் 'இன்று எனக்குப் பசியில்லை' என்பாள். இருட்டிவிட்டால் அதுவும் இல்லை. நெறி தவறாமல் பட்டினி கிடப்பாள். நோன்பு நாளன்று, ஆனாலும் நோன்பு. அளவு தவறாத வீடு என்று ஊர் புகழும். அளவில் அவளுடைய ஆழாக்கு சேர்க்கப்படவே இல்லை என்பது ஊருக்குத் தெரியாது.

ஆதலால் உலைக்கு அளக்கும்போது சமைப்பவரின் பங்கை முதலில் அளக்க வேண்டும். வெயில் இருக்கையில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கம் வந்தால் இது தானாகவே சீராகும். எவ்வளவு இருக்கின்றது என்பதும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அளந்து சமைக்கும் பொறுப்பும் ஒருவர் தலையில் மட்டும் இருத்தல் ஆகாது. அஞ்சறைப் பெட்டியில் கடுகு தீர்ந்தது என்பது வீட்டு ஆண்மகனுக்கும் தெரிந்திருக்கலாம், குற்றமில்லை.

நகரத்தில் வாழும் குடும்பங்களைக் குறித்து ஒன்று. குளிர்பதனப் பெட்டி வந்தபின் அடுக்களை கெட்டது என்று பேசுவோர் உண்டு. பெட்டி என்ன செய்யும்? உள்ளே வைத்ததைக் கெடாமல் சில நாள் காக்கும், அவ்வளவே. கதவு மூடியதும் உள்ளே இருப்பது கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. மறைந்ததை மறந்து, அதையே மீண்டும் வாங்கி வருகின்றனர். பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, உள்ளே இருக்கும் காய்களின் பெயரை எழுதி, தீர்ந்ததை அடித்துவிட்டால் போதும். எழுதத் தெரிந்த சிறு பிள்ளையிடம் இவ்வேலையைத் தரலாம், தமிழும் வளரும்.

தேசாவகாசிகம் என்றொரு விரதம் உண்டு. குறித்த காலத்திற்கு, 'இவ்வெல்லைக்கு அப்பால் செல்லேன், அங்குள்ளதை வரவழையேன்' என்று உறுதி கொள்வது. வாரத்தில் ஒருநாள் கடைக்குச் செல்வதில்லை, கைப்பேசியில் பொருள் வரவழைப்பதும் இல்லை என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், அவ்விரதத்தின் ஒரு சாயல் அங்கே உண்டு. அன்று பரணையும் டப்பாக்களையும் திறந்து பார்ப்பர். மறந்துபோன மணத்தக்காளி வற்றல் கிடைக்கும். அரைப் படி பாசிப்பருப்பு கிடைக்கும். ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய கொத்தவரை வற்றல் பிரிக்கப்படாமலே இருக்கும். பாசிப்பருப்பு ஒன்றைக் கொண்டே பொங்கல், கூட்டு, சுண்டல், பாயசம், பெசரட்டு என ஒரு வாரத்திற்கு அலுக்காமல் சமைக்கலாம். எல்லா வாரமும் வேண்டுவதில்லை. அட்டமி நாளையே அந்நாளாகக் கொண்டாலும் நன்று.

மிச்சப்படும் பணம் என்ன ஆகின்றது என்ற கேள்வியும் எழும். சேர்த்துப் பூட்டிவைத்தால் அது மற்றொரு பற்று; கருமியின் பெட்டியும் ஆடம்பரக்காரனின் இலையும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி எனத் தானம் நான்கு. சென்ற திங்களில் கடைக்குப் போகாத நான்கு நாள்களின் செலவு, சிற்றூரில் படிக்கும் ஒரு மாணவியின் நோட்டுப் புத்தகங்களுக்கு ஆகும். அறக்கட்டளை அலுவலகத்தில் அதற்குரிய உண்டியல் எங்கே இருக்கின்றது என்பது அனைவர்க்கும் தெரியும்.

இறுதியாக, இன்றைய நண்பகல் பந்தியைப் பற்றி. திருமணங்களிலும் விழாக்களிலும் இலையில் எத்தனை வகை என்பதே இப்போது மதிப்பாகிவிட்டது. 20 வகை வைத்தால் உண்பவர் எட்டைத் தொடுவார், ஆறை முடிப்பார். பரிமாறுவோரும் கேளாமலே இடுகின்றனர். 'போதும்' என்ற கை இலைமேல் விரிவதற்குள் சோறு விழுந்துவிடுகின்றது. சமைத்தது மாலைக்குள் தீர வேண்டும் என்னும் நெறியை உடைய சமூகத்தின் பந்தியில், இலைகள் பாதிச் சோற்றோடு மடிக்கப்படுவது பொருந்தாக் காட்சி. இவ்வாண்டு பரிமாறும் இளைஞர்கள் முதலில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மட்டும் இட்டு, இரண்டாம் முறை கேட்டு இடலாம். பந்தி எழுந்தபின் இலை எடுப்போர், எந்தப் பண்டம் மிகுதியாக இலையில் எஞ்சியது என்பதைப் பார்த்துச் சமையற்கட்டில் சொல்லிவிட்டால், அவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த ஆண்டு அட்சய திருதியைக்கு அரிசி எத்தனை மரக்கால், பருப்பு எத்தனை படி என்பது அந்தக் குறிப்பிலிருந்தே முடிவாகும். வண்டியில் வரும் எஞ்சிய சோற்றை வெயில் சாயுமுன் அருகிலுள்ள குடியிருப்புக்குக் கொண்டுசெல்ல இருவர் முன்வந்திருக்கின்றனர். மூன்றாமவர் ஒருவர் தேவைப்படுகின்றார்.